துணியில் சுற்றிய கைப்பிடி

ஜூன் 4

மாண்புமிகு அக்கா அவர்களுக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம். கடந்த செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு நம் பட்டறையின் மூத்த ஸ்பாஞ்சு, உன்னால் ‘மஞ்சள் மாமா’ என்று செல்லமாக அழைக்கப்பட்டவர், பணியில் இருக்கும்போதே வாளிக்குள் இரண்டாகப் பிய்ந்து காலமானார். அன்னாருக்கு வயது ஆறு. அன்னார் துடைத்த கோப்பைகளை எண்ணிச் சொல்ல ஆளில்லை. அன்னாரின் பிரிவால் வாடுவோர் ஒரு வாளி, ஒரு தம்பி. அம்மாவின் இரங்கல் உரை முழுவதும் பின்வருமாறு: “போகட்டும், புதுசு எடுத்துக்கோ.”

துக்கச் செய்தி முடிந்தது. இனி மகிழ்ச்சிச் செய்தி. நீ போனபிறகு கைப்பிடித் துறை என் பொறுப்புக்கு வந்துவிட்டது. சிரிக்காதே. ஜாடியும் கைப்பிடியும் பாதி காய்ந்திருக்கும்போது இரண்டு முகத்திலும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீற வேண்டும், கீறலில் மண்குழம்பு தடவ வேண்டும், அழுத்திப் பிடித்து லேசாக ஆட்டி உட்கார வைக்க வேண்டும். இவ்வளவுதானே? இதற்கா நீ நாக்கைக் கடித்துக்கொண்டு ஏதோ அறுவை சிகிச்சை செய்வதுபோல் உட்கார்ந்திருந்தாய்? நான் இதுவரை நாற்பது கைப்பிடி ஒட்டிவிட்டேன். ஒன்றுகூடப் பிரியவில்லை. விசில் அடித்துக்கொண்டே ஒட்டினேன். இனிமேல் என்னைக் கைப்பிடிச் சக்கரவர்த்தி என்றே எழுது. விலாசத்திலும் அப்படியே போடலாம். தபால்காரர் என் நண்பர்தான்.

மாடி தையல்காரம்மாவின் கை தேறி வருகிறது. கொப்புளம் எல்லாம் போய்விட்டது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் மட்டும் இழுத்துப் பிடித்தாற்போல் இருக்கிறதாம், ஊசியில் நூல் கோக்க வரவில்லை. அதனால் தினமும் பள்ளி விட்டதும் மாடிக்குப் போய் இருபது ஊசிகளில் நூல் கோத்து வரிசையாகத் தலையணையில் குத்தி வைத்துவிட்டு வருகிறேன். ஏன் என்று கேட்காதே. படி ஏறினால் உடம்புக்கு நல்லது.

அம்மா உன் பெயரைச் சொல்வதில்லை. ‘அவ’ என்கிறாள். “அவ வச்ச முள்கரண்டி எங்கடா?” உன் முக்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை. கேட்டால், கால் ஆடுகிறதாம். ஆடவில்லை, நான் பார்த்தேன்.

இப்படிக்கு,
கைப்பிடிச் சக்கரவர்த்தி

பின்குறிப்பு: அந்தத் துணிப் பொட்டலத்தை இன்னும் வைத்திருக்கிறாயா? சும்மாதான் கேட்டேன். விடுதி அறையில் இடத்தை அடைக்கும். தூக்கிப் போட்டுவிடு.


ஜூன் 10

வாலு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, விடுதி வாசலில் நின்றே சிரித்தேன். மஞ்சள் மாமாவுக்காக இரண்டு நிமிடம் மௌனமாகவும் இருந்தேன். பிறகு தையல்காரம்மா பற்றி எழுதியிருந்த இடம் வந்தது. அதற்குமேல் சிரிப்பு வரவில்லை.

நீ அவர்களுக்கு நூல் கோத்துக் கொடுக்கிறாய். நான் செய்ய வேண்டியதை நீ செய்கிறாய். உன்னை எத்தனை முறை ‘உருப்படாதவனே’ என்று திட்டியிருக்கிறேன்! எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இங்கே வேலை எளிது. பெரிய கிடங்கு. யாரோ எங்கேயோ செய்த கோப்பைகளைக் காகிதத்தில் சுற்றி, வைக்கோல் வைத்து, பெட்டியில் அடுக்க வேண்டும். மண்ணைத் தொட வேண்டியதில்லை. மாலையில் கை கழுவினால் தண்ணீர் தெளிவாகவே போகிறது. முதல் வாரம் அதைப் பார்க்க என்னவோபோல் இருந்தது. இப்போது பழகிவிட்டது.

பொட்டலம் இருக்கிறது. பெட்டியின் அடியில், கழன்ற கைப்பிடியை அம்மா சுற்றிக் கொடுத்தபடியே. நான் பிரிக்கவில்லை. பிரித்தால், நான் ஒட்டிய ஜாடியின் கைப்பிடி கழன்று கொதிக்கும் தேநீர் தையல்காரம்மா கையில் கொட்டிய அந்த நாள் மறுபடி வந்துவிடும்போல் இருக்கிறது. தையல்காரம்மா கையை வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டு, “பரவாயில்ல, பரவாயில்ல” என்று சொன்னதே எனக்குப் போதுமான தண்டனை. அதற்கு மேல் அம்மா, தரையில் தேநீரும் ஓடுமாகக் கிடந்ததற்கு நடுவிலிருந்து அந்தக் கைப்பிடியை எடுத்து, ஒட்டின முகத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். “வழவழன்னு இருக்கு. கீறலே போடல நீ. பத்து வருஷமா மண்ணுல கை வச்சுட்டு, கீறாம ஒட்டி, உன் முத்திரையையும் குத்தி அனுப்பிருக்க.” நான் கீறினேன் என்றேன். “அப்ப இது என்ன?” என்று நீட்டினாள். நானும் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்றுதான் இருந்தது. அம்மா சொன்ன மற்றதையும் நான் சொன்னதையும் நீ கேட்டுக்கொண்டுதானே நின்றாய், கதவோரத்தில், வாயே திறக்காமல். உன் வாழ்நாளிலேயே நீ வாய் திறக்காத ஒரே நாள் அது.

ஒரு செய்தி. இந்தக் கிடங்குக்குச் சரக்கு கொண்டுவரும் பட்டறைக்காரம்மா ஒருவர் இருக்கிறார். குள்ளமாக, சத்தமாகப் பேசுவார். போன வாரம் அவர் கொண்டுவந்த ஜாடிகளில் ஒன்றை நான் தட்டிப் பார்த்துத் தனியே வைத்தேன். “ஏன்?” என்றார். “உள்ள விரிசல் இருக்கு, சத்தம் அமுங்குது” என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இங்க என்ன பண்ற நீ? என் பட்டறைக்கு வா. ஜாடி, கைப்பிடி எல்லாம் உன்கிட்ட விடறேன். முப்பதாம் தேதிக்குள்ள பதில் சொல்லு” என்றார்.

நான் போகமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். இன்னொரு வீட்டில் இன்னொரு கைப்பிடி கழன்றால் என்ன செய்வது?

உன் பள்ளிப் பாடத்தையும் கொஞ்சம் பார்.

அக்கா


ஜூன் 14

பேரன்புக்குரிய அதிமேதாவி அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டேன், களித்தேன், பிறகு களிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

அந்தக் குள்ளப் பட்டறைக்காரம்மாவிடம் உடனே சரி என்று சொல். இது வேண்டுகோள் அல்ல, சக்கரவர்த்தியின் ஆணை. ஜாடியைத் தட்டியே உள்விரிசலைக் கண்டுபிடிக்கிறவள் காகிதம் சுற்றுவதாவது! மோப்ப நாயைக் கொண்டுபோய்ப் பூந்தொட்டிக்குக் காவல் வைத்தாற்போல் இருக்கிறது. (நாய் என்றதற்குக் கோபப்படாதே. மோப்ப நாய்களுக்குப் பதக்கமெல்லாம் உண்டு.)

அந்தக் கைப்பிடி விஷயத்தைப் பற்றி நான் தீர ஆராய்ந்துவிட்டேன். என் முடிவுகள்:

தேநீர் அளவுக்கு மீறிய சூடு. தையல்காரம்மா எப்போதும் கொதிக்கக் கொதிக்கத்தான் ஊற்றுவார். மேலும் ஜாடியை விளிம்பு வரை நிரப்பிவிட்டார். மேலும் அன்று காற்று பலமாக வீசியது. மேலும் எந்த மண்ணுக்கும் ஒரு கெட்ட நாள் உண்டு. ஆகவே குற்றவாளி என்று யாரும் கிடையாது. வழக்கு தள்ளுபடி.

நேற்று தையல்காரம்மாவிடமும் இதைச் சொன்னேன். ஊசியை என் கையில் கொடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “காத்துலயா கைப்பிடி கழண்டுது?” என்றார். “வாய்ப்பிருக்கு ஆன்ட்டி” என்றேன். “உங்கக்காவுக்கு எழுதறப்ப சொல்லு, எனக்கு அவமேல கோவம் இல்லன்னு. இடது கையால கத்திரிக்கப் பழகிட்டேன். கொஞ்சம் கோணலா வருது, அதைப் புது ஃபேஷன்னு சொல்லி வித்துடறேன்.” அவரே சிரித்தார். நான் நூலை ஊசிக் காதில் நுழைக்கப் பார்த்தேன், மூன்று முறை தவறிவிட்டது. என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. என்னவோ அன்று அப்படி.

பட்டறையில் இந்த வாரம் முதல் சூளை பிரித்தோம். இருபத்தெட்டு கிண்ணம், பதினாறு குவளை. எல்லாம் வெந்து வெளிறி, நாக்கு வைத்தால் ஒட்டிக்கொள்கிற பதத்தில். (ஆம், நாக்கு வைத்துப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டது. அம்மா பார்த்துவிட்டாள்.) ஈர ஸ்பாஞ்சால் தூசி துடைப்பது, சூளைத் தட்டில் ஒட்டாமலிருக்க அடிப்பாகத்தில் மெழுகு தடவுவது, பிறகு, இரண்டாம் சூளையில் உருகிக் கண்ணாடிபோல் மின்னப்போகிற கிளேஸ் குழம்பு வாளியில் முக்கி எடுப்பது, எல்லாம் நான்தான். அம்மா அருகிலேயே நின்றாள். முன்பெல்லாம் அம்மா இந்த வேலைக்கு வந்து நின்றதே கிடையாது, உன்னிடமே விட்டுவிடுவாள். இப்போது ஒவ்வொரு கிண்ணத்தையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். ஒருமுறை, “அவ இருந்தா இதுக்குள்ள முடிச்சிருப்பா” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, நான் கேட்டேனா என்று பார்த்தாள். கேட்காததுபோல் இருந்துவிட்டேன். அதில் நான் கெட்டிக்காரன்.

கைப்பிடிக் கணக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. எல்லாம் இரும்புபோல் நிற்கின்றன. ஜாடி உடையும், கைப்பிடி உடையாது என்கிற நிலை.

போய்ச் சேர் அக்கா. ப்ளீஸ்.

க. சக்கரவர்த்தி

பின்குறிப்பு: பொட்டலத்தைப் பிரிக்காததே நல்லது. தூக்கிப் போடுவது இன்னும் நல்லது.


ஜூன் 19

வாலு,

காற்று, சூடு, கெட்ட நாள்! நீ எனக்காக இவ்வளவு யோசிக்கிறாய் என்பது தெரிகிறது. ஆனால் என் ஒட்டு நன்றாக இருந்தது என்று நீ எதை வைத்துச் சொல்கிறாய்? நான் ஒட்டும்போது நீ அந்த அறையிலேயே இல்லை.

எனக்கே தெரியவில்லையே, அதுதான் விஷயம். அந்த வரிசையில் பன்னிரண்டு ஜாடி. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். முதலாவதைக் கீறும்போது முள்கரண்டியின் ஒரு பல் வளைந்தது. நான்காவதற்கு மண்குழம்பு தண்ணீராக இருந்ததென்று கெட்டியாக்கினேன். ஒன்பதாவதை ஒட்டும் சமயம் அம்மா வந்து கதவைத் திறந்தாள். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் தையல்காரம்மாவுக்குப் போனது எத்தனையாவது? தெரியவில்லை. அதைக் கீறினேனா, அல்லது வேறு ஏதோ நினைப்பில் விட்டுவிட்டேனா? முதலில் ‘கீறினேன்’ என்று அடித்துச் சொன்னேன். இரண்டு மாதமாக யோசித்து யோசித்து, இப்போது கீறாமல் விட்ட காட்சியே கண் முன்னால் வருகிறது. என் கை அதை எடுக்கிறது, தண்ணீரைத் தடவி அப்படியே ஒட்டுகிறது. அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

பன்னிரண்டில் மிக நன்றாக வந்ததென்று அம்மா தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஜாடி அது. எது நல்லது, எது கெட்டது என்று எனக்கே சொல்லாத கை என்னுடையது. அதை நம்பி எப்படி வேலை செய்வது?

அதுவும் நீ எழுதியதைப் பார்த்தபிறகு. பதினாறு வயது. விசில் அடித்துக்கொண்டு ஒட்டுகிறாய். அறுபது கைப்பிடி, ஒன்றும் கழலவில்லை. அதே மண், அதே சூளை, அதே முள்கரண்டி. அப்படியென்றால் குறை மண்ணிலும் இல்லை, சூளையிலும் இல்லை. என்னிடம்தான். இதை வருத்தத்தோடு எழுதவில்லை. நம் இரண்டு பேரில் ஒருவருக்காவது அந்தக் கை வாய்த்ததே என்று சந்தோஷமாகவே எழுதுகிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள். பட்டறை இனி உன்னுடையது.

பட்டறைக்காரம்மாவுக்கு வரவில்லையென்று எழுதி வைத்துவிட்டேன். முப்பதாம் தேதி சரக்கு வண்டியில் வருவார், அப்போது கையில் கொடுத்துவிடுவேன்.

என் முள்கரண்டியை நீயே வைத்துக்கொள். அந்த வளைந்த பல்லை மட்டும் நிமிர்த்தாதே, அது வளைந்திருந்தால்தான் கீறல் ஆழமாக விழும்.

அக்கா


ஜூன் 22

அக்கா,

இந்தக் கடிதத்தில் ஜோக் இல்லை. இருந்தால் அது என்னை மீறி வந்ததாக எடுத்துக்கொள்.

விடுதித் தொலைபேசிக்கு நேற்று ஓர் அழைப்பு வந்து, நீ “யாரு? யாரு பேசறது?” என்று நான்கு முறை கேட்டும் பதில் வராமல் மூச்சு மட்டும் கேட்டதே, அது நான்தான். பேசத்தான் கூப்பிட்டேன். நீ நான்காவது முறை கேட்டதும் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

நீ அந்த ஜாடியைக் கீறினாய். உன் கண் முன்னால் வருகிற காட்சி பொய். நீ கீறாமல் விட்டதே இல்லை. விட்டிருந்தால் முதல் சூளையிலேயே கழன்றிருக்கும். நன்றாக ஒட்டி, நன்றாக வெந்து வந்த கைப்பிடியை ஒடித்தவன் நான்.

அந்தப் பன்னிரண்டு ஜாடியும் முதல் சூளையிலிருந்து வந்த அன்று, தூசி துடைத்து மெழுகு தடவச் சொல்லி என்னிடம் விட்டுவிட்டு, நீ பக்கத்து அறையில் கிளேஸ் கலக்கப் போனாய். ஆறு துடைத்தேன். போரடித்தது. ஏழாவதின் கைப்பிடியை விரலில் மாட்டி ராட்டினம் சுற்றினேன். வெந்து காய்ந்த மண் பிஸ்கட் மாதிரிதான் இருக்கும் என்று நீ நூறு முறை சொல்லியிருக்கிறாய். மேல் முனை டக்கென்று ஒடிந்தது. ஜாடி சாக்கு மூட்டையின் மேல் விழுந்ததால் பிழைத்தது, கீழ் முனையும் என் விரலோடு வந்துவிட்டது. உள்ளேயிருந்து நீ, “என்னடா, முடிஞ்சுதா?” என்றாய். “முடிஞ்சுது” என்றேன்.

உன்னிடம் கொண்டுவந்து காட்டியிருந்தால் என்ன செய்திருப்பாய்? காதைத் திருகி, ஜாடியை உடைத்துத் தொட்டியில் போட்டுவிட்டு, பதினொன்றை மட்டும் முக்கியிருப்பாய். அவ்வளவுதான். அந்த ஒரு காது வலிக்குப் பயந்தேன்.

கிளேஸ் வாளியின் அடியில் கெட்டியாகத் தங்கியிருக்குமே, அதை விரலால் வழித்து, ஒடிந்த முகங்களில் அப்பி, அழுத்திப் பிடித்துக்கொண்டு நூறு எண்ணினேன். நின்றது. பிறகு ஜாடியை முழுதாக முக்கினேன். மேலே ஒரு பூச்சு வந்ததும் எதுவும் தெரியவில்லை. இரண்டாம் சூளையில் கழன்று விழும் என்று எதிர்பார்த்தேன், விழுந்திருந்தால் தப்பித்திருப்பேன். விழவில்லை. கிளேஸ் உருகி, பசையாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. பன்னிரண்டில் அதுதான் அழகு என்று அம்மா கையில் எடுத்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது அக்கா. நீ ஒரு நாள் முழுக்கச் செய்வதை நான் நூறு எண்ணுவதற்குள் செய்துவிட்டேனே என்று.

அன்று கதவோரத்தில் நின்றேன். அம்மா “வழவழன்னு இருக்கு” என்றபோது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். நீ பையைத் தூக்கிவிட்டாய். பிறகு ஒவ்வொரு நாளும் சொல்லலாமென்று தள்ளித் தள்ளி, சொல்ல முடியாத அளவுக்குப் பெரிதாக்கிவிட்டேன். அதனால்தான் பொட்டலத்தைத் தூக்கிப் போடச் சொன்னேன்.

தூக்கிப் போடாதே. இப்போதே பிரி. கைப்பிடியை ஜன்னலருகே கொண்டுபோய், ஒடிந்த முகத்தைச் சாய்த்துப் பார். கீறாத மண் வழவழப்பாக இருக்கும், ஆனால் மின்னாது. இது மின்னும். அம்மா தடவியதும் நீ தொட்டதும் மண்ணை அல்ல, நான் அப்பிய கிளேஸை. மண்ணோடு மண்ணாக ஒட்டிய இடத்துக்குள் கிளேஸ் எப்படிப் போகும்? நீயே யோசி. என்னைவிட உனக்குத்தான் இது தெரியும்.

நேற்று உன் கடிதம் வந்ததும் முதலில் மாடிக்குப் போனேன். ஊசிகளை எல்லாம் கோத்து முடித்துவிட்டுச் சொன்னேன். தையல்காரம்மா தலையணையில் இருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு, “தினமும் கூப்பிடாம வந்து நிக்கறப்பவே நினைச்சேன். சும்மா வர்ற மூஞ்சியா இது?” என்றார். நான் அழுதுவிட்டேன். (உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.) “அழுது என் துணியை நனைக்காத. நாளைக்கும் வா. கை சரியாகற வரைக்கும் வரணும். நான் மன்னிச்சுட்டேன்னெல்லாம் நினைச்சுக்காத, அது மெதுவா வரும்” என்றார்.

பிறகு அம்மாவிடம். நான் சொல்லி முடிக்கும்வரை கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அடிப்பாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். அடிக்கவில்லை. “நான் தொட்டுத்தானே பார்த்தேன். வெளிச்சத்துல பார்க்கலையே” என்றாள். அதையே மறுபடி மறுபடி சொன்னாள். இன்று காலையிலிருந்து உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறாள், உன் முக்காலியில். மூன்று தாள் கசக்கிப் போட்டுவிட்டாள். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன், உன் பெயர் மட்டும் இருந்தது.

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். முப்பதுக்கு முன்னால் வந்துவிடும். அந்தப் பட்டறைக்காரம்மாவுக்கு எழுதி வைத்திருப்பதைக் கிழித்துப் போடு. நீ இங்கே திரும்பி வர வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. எங்கே போனாலும் மண்ணில் கை வை, அது போதும்.

இன்னும் ஒன்று பாக்கி. இதை எழுதத்தான் மற்ற எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கிறது, ஏனென்று தெரியவில்லை.

அறுபது கைப்பிடி கிடையாது. நாற்பதும் கிடையாது. கைப்பிடித் துறை என்று யாரும் என்னிடம் எதுவும் தரவில்லை. கெஞ்சிக் கேட்டதற்கு அம்மா கொஞ்சம் மண் கொடுத்தாள். மொத்தம் பதினொன்று ஒட்டினேன். விசில் எல்லாம் அடிக்கவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டுதான் ஒட்டினேன். ஒன்பது காயும்போதே கழன்று விழுந்தன. பத்தாவதை அம்மா இரண்டு விரலால் லேசாக இழுத்தாள், வந்துவிட்டது. பதினொன்றாவது மட்டும், உன் வளைந்த பல் முள்கரண்டியால் கீறியது, இன்னும் நிற்கிறது. கோணலான குவளை. அதில்தான் தண்ணீர் குடிக்கிறேன்.

கைப்பிடியைத் தொடாமல், இரண்டு கையாலும் குவளையின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

தம்பி